புண் வருவதற்கு முதல் கால் சுடும்

சலரோகக்காரரின், அதாவது நீரிழிவு உள்ளவரின், காலில் புண் வருவதற்கு முதல் எழுகிற சூட்டைப் போனில் பூட்டுகிற வெப்பக் கமராவால் பார்ப்பது பற்றி எழுதப்போகிறேன், முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன். ப்ளே ஸ்டோரில் ‘தெர்மல் கமரா’ என்று தேடினால் வரிசையாக இலவச அப்கள் வரும், அவற்றில் பெரும்பாலானவை சாதாரணப் படத்துக்கு நீலமும் சிவப்பும் பூசிக் காட்டுகிற விளையாட்டுச் சாமான்கள். போனில் இருக்கிற வழமையான கமராவுக்கு உடம்புச் சூடு தெரியாது, எந்த அப்பைப் போட்டாலும் தெரியாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாளுக்கு முதல் விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் அப்பாவின் உள்ளங்காலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, “அண்ணை, எல்லாம் நீலமாத்தான் கிடக்கு, பயமில்லைத்தானே?” என்று கேட்டார். நீலமாகத் தெரிந்தது நிழல் விழுந்த பக்கம், வேறொன்றுமில்லை. அவருடைய அப்பாவுக்குக் கால் விறைத்து நாலு வருஷம். அந்த நீலத்தை நம்பி அவர் அடுத்த நாள் செருப்பில்லாமல் வரம்பில் நடந்திருப்பார்.

உண்மையான வெப்பக் கமரா வேறு சாமான். போனின் சார்ஜர் குத்துகிற இடத்தில் பூட்டுகிற, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய துண்டு. 2014இல் ஃபிளிர் வன், சீக் தெர்மல் என்று இரண்டு சாமான்கள் சாதாரண ஆக்களும் யோசித்துப் பார்க்கக்கூடிய விலைக்குச் சந்தைக்கு வந்தன. 2016இல் கேட் எஸ்60 என்ற போன் அதை உடம்புக்குள்ளேயே வைத்து வந்தது. அதற்கு முதல் இந்தக் கண் பெரும்பாலும் இராணுவத்திடமும் தீயணைப்புப் படையிடமும் பெரிய தொழிற்சாலைகளிலும்தான் இருந்தது. வன்னிச் சனத்துக்கு அந்தக் கண்ணோடு பழைய அறிமுகம் உண்டு. இரவில் ‘வண்டு’ என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் சுற்றும்போது விளக்கை நூர்த்துவிட்டு இருட்டுக்குள் இருந்தோமே, இருட்டிலும் சூட்டைப் பார்க்கிற கண் என்று ஒன்று இருக்கிறது என்பது எங்களில் பலருக்குப் பிறகுதான் விளங்கியது. அதே தொழில்நுட்பத்தின் குட்டிதான் இப்போது கட்டிலில் கால் நீட்டிக் கிடக்கிற மாமாவின் உள்ளங்காலைப் பார்க்கிறது.

எங்கள் வீட்டுக்கு அது வந்த கதை எளிது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்கு வீடு பார்த்து அறிக்கை கொடுக்கிற வேலை. பனிக்காலத்தில் எந்தச் சுவரால் சூடு வெளியே போகிறது, எந்த வயர் சூடாகிறது என்று பார்க்க இந்தக் கமராவைப் பாவிக்கிறார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது பொக்கற்றுக்குள் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் அதை வாங்கி நாயைப் பார்த்து, கோழியைப் பார்த்து, சீமெந்து நிலத்தில் கால் வைத்து எடுத்தால் அந்தக் காலடி கொஞ்ச நேரம் நிலத்தில் ஒளிருவதைப் பார்த்துச் சிரித்து, கடைசியில் மாமாவின் பாதத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்கள். மாமாவுக்குப் பதினேழு வருஷமாகச் சலரோகம். இடது பெருவிரலின் அடியில் வெள்ளையாக ஒரு வட்டம். போன் திரையில் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தால் 34.1 பாகை. வலது காலில் அதே இடம் 31.2. மாமாவுக்கு நோவு ஒன்றும் இல்லை, தோலில் கீறலும் இல்லை. “கமராவுக்குத்தான் வருத்தம்” என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டத்தை இழுத்தார்.

அந்த வெள்ளை வட்டம் என்ன என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

சலரோகம் பல வருஷம் கவனமில்லாமல் கிடந்தால் காலில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை எடுத்துவிடுகிறது. மற்றது, இரத்தக் குழாய்களை ஒடுக்குகிறது. முதலாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் கதைக்கப்போகிறேன். எங்கள் ஆக்கள் அதைப் பல மாதிரிச் சொல்வார்கள்: கால் விறைக்குது, எரியுது, பஞ்சுமேல நடக்கிற மாதிரிக் கிடக்குது, செருப்பு கழண்டது தெரியேல்ல. கடைசியாகச் சொன்னதுதான் ஆக மோசம். செருப்புக் கழன்றதே தெரியாதவருக்கு நெருஞ்சி முள் ஏறினால் எப்படித் தெரியும்?

உணர்ச்சி உள்ளவர்களுக்கு நடக்கும்போது ஒரு ஒழுங்கு தன்பாட்டில் நடக்கிறது. ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுத்துப்பட்டால் அங்கே இலேசாக நோகும், நாங்கள் யோசிக்காமலே பாதத்தைச் சரித்து, கொஞ்சம் நொண்டி, பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம். விறைத்த காலுக்கு அந்த நொண்டல் இல்லை. ஒரே எலும்பு முனையில், ஒரே காய்ப்பில், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை பாரம் விழும். உள்ளே சதை நசுங்கும், உடம்பு அதைத் திருத்த இரத்தத்தை அனுப்பும், அந்த இடம் அழற்சியால் சூடாகும். தோல் வெடிப்பதற்குப் பல நாள் முதலே இந்தச் சூடு தொடங்கிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு, அது பலருக்குத் தெரியாது. போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1914இல் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர், பெற்றோர் மிஷனரிகள். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரின் கைகால்களோடு வேலை செய்தார். தொழுநோய் சதையை அழுக வைத்து விரலைத் தின்கிறது என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் பார்த்தது வேறு. நோய் உணர்ச்சியைத்தான் எடுக்கிறது, விரலை எடுப்பது அதற்குப் பிறகு அந்த ஆள் தெரியாமல் படுகிற காயம். 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் என்ற தொழுநோய் நிலையத்துக்குப் போன பிறகு இதை அளந்தே பார்த்தார்கள். எலியின் பாதத்தில் மிதமான அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், ஒரு தடவை காயப்படுத்தாத அதே அழுத்தம் நாட்போக்கில் சூட்டையும் பிறகு புண்ணையும் கொண்டுவந்தது. நோயாளரின் கால்களை வெப்பக் கமராவில் பார்த்து, சூடான இடத்தைக் கண்டால் நடையைக் குறைக்கவும் சப்பாத்தை மாற்றவும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அந்தக் கமரா ஒரு அறையில் வைக்கிற பெரிய இயந்திரம். தொழுநோயில் படித்த பாடம் அப்படியே சலரோகக் காலுக்கு வந்தது, ஏனென்றால் இரண்டிலும் கால் கெடுகிற வழி ஒன்றுதான்.

அப்புறம் டேவிட் ஆம்ஸ்ட்ரோங், லோரன்ஸ் லேவரி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவர்கள் பாவித்தது கமரா கூட இல்லை, கையில் பிடிக்கிற ஒரு அகச்சிவப்பு வெப்பமானி. ஒவ்வொரு காலிலும் குறித்த சில இடங்கள், இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும், வித்தியாசம் 4 பாகை பரனைட்டை, அதாவது 2.2 பாகை செல்சியசைத் தாண்டினால் நடையைக் குறைத்துவிட்டுத் தாதிக்கு அறிவிக்க வேண்டும். 2007இல் வந்த ஆய்வு ஒன்றில் 225 பேரைப் பதினெட்டு மாதம் பார்த்தார்கள். வழமையான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 வீதத்துக்குப் புண் வந்தது, சூடு பார்த்தவர்களில் 4.7 வீதத்துக்கு. இப்போது நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டலும் இதையே சொல்கிறது. நடுத்தர அல்லது கூடிய ஆபத்து உள்ளவர்கள் நாளுக்கு ஒரு தடவை பார்க்கலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் 2.2ஐத் தாண்டினால் நடையைக் குறைத்து வைத்தியரைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் என்பது முக்கியம். ஒரு நாள் சூடு எதனாலும் வரும், ஒரு காலை மற்றக் காலுக்குக் கீழே மடித்து வைத்து இருந்தாலே வரும்.

கால் வைத்து நிற்கிற பாய் மாதிரியான ஒரு கருவியை 129 பேரிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. 2.2 என்ற எல்லையில் அது வந்த புண்களில் 97 வீதத்தை முன்கூட்டியே பிடித்தது, அதுவும் புண் கண்ணுக்குத் தெரிவதற்குச் சராசரியாக 37 நாள் முதல். கேட்க நல்லாக இருக்கிறது. ஆனால் பொய் எச்சரிக்கை 57 வீதம். எல்லையை 3.2க்கு உயர்த்தினால் பொய் எச்சரிக்கை 32 ஆகக் குறைகிறது, பிடிபடும் புண்ணும் 70 வீதத்துக்கு விழுகிறது. எந்தக் கமராவை விற்கிறவரும் முதல் எண்ணைத்தான் சொல்வார், மற்றதையும் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் வேலை.

ஒல்லாந்தில் 304 பேரோடு செய்து 2021இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கொஞ்சம் உறைக்கும். அளவெடுத்த இடங்களிலும் அவற்றைச் சுற்றியும் புண் திரும்ப வருவது வீட்டில் சூடு பார்த்தவர்களிடம் திட்டவட்டமாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆனால் சூட்டைக் கண்டவுடன் உண்மையாகவே நடையைக் குறைத்தவர்களுக்குக் குறைந்தது. வெப்பமானி எல்லோரிடமும் ஒன்றுதான், கண்ட பிறகு யார் காலை ஆறவிட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். இந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு வன்னியைப் பார்த்தால்தான் முழுச் சிக்கலும் தெரியும். அதற்கு முதல் போன் கமராவை முடித்துவிடுவோம்.

போன் கமரா என்ன செய்கிறது, எங்கே ஏமாற்றுகிறது

சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடுகிறது. எங்கள் உடம்பின் அளவுச் சூட்டுக்கு அந்த ஒளியின் அலைநீளம் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீற்றருக்குள். சாதாரணக் கண்ணாடி அதை விடாது, அதனால்தான் இந்தக் கமராக்களுக்கு ஜெர்மேனியம் மாதிரியான வேறு பொருளில் வில்லை. உள்ளே இருப்பது சூடு பட்டால் மின்தடை மாறுகிற குட்டிக் குட்டிப் புள்ளிகள். இடைக்கிடை ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், தன்னைத் தானே சரிபார்க்கிறது, பழுதில்லை.

இதில் எங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பாடப்புத்தகங்களில் காலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். எங்கள் நிறத்தில், அதுவும் வெய்யிலில் வேலை செய்த காலில், சிவப்பு எங்கே தெரியப்போகிறது? வெப்பக் கமராவுக்குத் தோலின் நிறம் பிரச்சினை இல்லை, கறுப்புத் தோலும் வெள்ளைத் தோலும் அந்த அலைநீளத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் சூட்டை விடுகின்றன.

போனில் பூட்டுகிற கமராவின் துல்லியம் பெரும்பாலும் கூடக் குறைய 3 பாகை என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். நாங்கள் தேடுவது 2.2 பாகை வித்தியாசத்தை. அப்படியென்றால் இது உதவாதா? உதவும், இரண்டு காலும் ஒரே படத்தில் இருந்தால். கமரா பிழையாகக் காட்டினாலும் இரண்டு காலுக்கும் கிட்டத்தட்ட ஒரே பிழையைத்தான் காட்டும், கழித்தால் பிழை போய்விடும். சந்தையில் தராசு நூறு கிராம் கூடக் காட்டினாலும் இரண்டு மூட்டையில் எது பாரம் என்று தெரிகிற மாதிரி. இடது காலை ஒரு படம், வலது காலை இன்னொரு படம் என்று எடுத்தால் இந்த வசதி போய்விடும்.

நிறத்தைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, ஆறுதல் படவும் கூடாது. கமரா படத்தில் உள்ள ஆகக் குறைந்த சூட்டை நீலமாகவும் ஆகக் கூடியதை வெள்ளையாகவும் தன்பாட்டில் இழுத்துக்கொள்ளும். ஒரு பாகை வித்தியாசம் கூட நெருப்பு மாதிரித் தெரியலாம். எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஆரோக்கியமான காலில் நடுவளைவு மற்ற இடத்தை விடச் சூடாக இருக்கும், இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஐயோ என்று கத்தத் தேவையில்லை.

புள்ளிகளின் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். மலிவான ஃபிளிர் கமராக்களில் குறுக்கே 80, மேலிருந்து கீழே 60 புள்ளி. நல்லதில் 160க்கு 120. பார்வை அகலம் ஏறத்தாழ 55 பாகை என்று வைத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் மலிவானதன் ஒரு புள்ளி பாதத்தில் 13 மில்லிமீற்றரைப் பிடிக்கும், நல்லதன் புள்ளி அதில் பாதி. பெருவிரல் நுனியின் சின்ன இடமெல்லாம் ஒரு மீற்றரில் கரைந்துவிடும், அரை மீற்றருக்குக் கிட்டப் போக வேண்டும். விரல் இடுக்கை எந்தக் கமராவும் பார்க்காது, அதை விரித்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

விலை 200 டொலரில் தொடங்கி 400, 500க்குப் போகும். எங்கள் காசில் அறுபதாயிரம் ரூபாவுக்கு மேல். தனி வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது, ஒரு கிளினிக்குக்கு ஒன்று என்றால் பெரிய காசில்லை.

செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்தே சொல்லிவிடும் என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள், 90 வீதத்துக்கு மேல் சரி என்றும் சொல்கிறார்கள். என்ன சரி என்று கேட்க வேண்டும். மெக்சிக்கோவில் 122 சலரோகக்காரரிடமும் 45 சலரோகம் இல்லாதவரிடமும் எடுத்த பாதப் படங்களின் பொதுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, பல ஆய்வுகள் அதை வைத்துத்தான் நடந்தன. அதில் இயந்திரம் படிப்பது இந்தக் கால் சலரோகக்காரருடையதா இல்லையா என்பதை. மாமாவுக்குச் சலரோகம் என்று மாமாவுக்கும் தெரியும், கிளினிக் கொப்பிக்கும் தெரியும். எந்த இடத்தில் அடுத்த மாதம் புண் வரும் என்பது வேறு கேள்வி.

சரி, இனி வன்னிக்கு வருவோம்.

வெக்கை முதல் பிரச்சினை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில், சூடு கட்டுப்படுத்திய அறைகளில் நடந்தவை. சித்திரை வெய்யிலில் தகரமோ சீற்றோ போட்ட வீட்டுக்குள் 35 பாகை ஏறி நிற்கும்போது காலும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே சூடு, படத்தில் எல்லாம் ஒரே நிறமாக மங்கிவிடும். மேலே காய்ந்த தகரத்தின் சூடும் பாதத்தில் பட்டுத் தெறிக்கும். அதனால் விடியப்புறம் எடுக்க வேண்டும். காலைச் சீமெந்தில் வைக்கக்கூடாது, சீமெந்து ஒரு பக்கத்தைக் குளிரவைத்துவிடும். கழுவியிருந்தால் துடைத்துக் காயவிட வேண்டும், ஈரக் கால் குளிர்ந்துதான் தெரியும். எண்ணெய் பூசியிருக்கக்கூடாது. கதிரையில் இருந்து இன்னொரு கதிரையில் காலை நீட்டி, ஃபேன் காற்று ஒரு காலில் மட்டும் படாமல், பதினைந்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு எடுத்தால் கணக்குச் சரியாக வரும். அந்தப் பதினைந்து நிமிஷம்தான் எங்கள் ஆம்பிளையளுக்கு ஆகக் கஷ்டம்.

இரண்டாவது பிரச்சினையைப் பற்றி எந்த ஆய்வுச் சுருக்கத்திலும் நான் பெரிதாகப் படிக்கவில்லை, அதை எனக்குச் சொல்லித் தந்தது பக்கத்து வளவு அண்ணை. மாமாவின் காலைப் பார்த்த அடுத்த நாள், அவருக்கும் சீனி வருத்தம் என்பதால் கமராவைக் கொண்டுபோய், இரண்டு காலையும் எப்படி ஒப்பிடுகிறது என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ நல்லாச் சொல்லுறாய். மற்றக் கால் எங்க கிடக்குதெண்டு எனக்கே தெரியாதே.” அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே மிதிவெடியில் போனது. ‘ஜெய்ப்பூர் கால்’ என்கிற செயற்கைக் காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தார், எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

முழு முறையும் இரண்டு கால் என்ற எடுகோளில் நிற்கிறது. போர் முடிந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் முகமாலையில் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்த மண் இது. அந்தக் காலத்தில் இருபது, முப்பது வயதில் காலை இழந்தவர்கள் இப்போது நாற்பது, ஐம்பதில் இருக்கிறார்கள், சலரோகம் வருகிற வயது. இலங்கையில் 2018, 2019இல் எடுத்த தேசிய ஆய்வு வயதுவந்தவர்களில் 23 வீதத்தினருக்குச் சலரோகம் என்று சொன்னது. மிச்சம் இருக்கிற ஒற்றைக் கால் மற்றதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆபத்து ஆகக் கூடிய காலுக்கு இந்த முறை ஆகக் குறைவாக உதவுகிறது.

வழியே இல்லை என்றில்லை. ஒற்றைக் காலுக்கு அதே பாதத்தின் மற்ற இடங்களோடும், அதே இடத்தின் முந்திய நாட்களோடும் ஒப்பிடும் கணக்கை ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டில் செய்வதென்றால் தினமும் ஒரே நேரத்தில் ஆறு இடத்தைப் பார்த்து எழுத வேண்டும்: பெருவிரல், பெருவிரலடி, நடுவிரலடி, சின்னவிரலடி, நடுவளைவு, குதிக்கால். காலநிலை மாறினால் ஆறும் சேர்ந்து ஏறும், இறங்கும். ஒன்று மட்டும் தனியாக ஏறத் தொடங்கினால் அதுதான் சங்கதி. 2.2 என்ற எல்லையை இங்கே அப்படியே தூக்கிப் போடக்கூடாது, நடுவளைவு எப்போதும் விரலை விடச் சூடுதான். அண்ணைக்கு நான் சொன்னது இதுதான், அவர் ‘பாப்பம்’ என்றார். வெட்டுப்பட்ட காலின் முனையையும், ஜெய்ப்பூர் காலுக்குள் போகிற இடத்தையும் அதே நேரம் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது, அங்கேயும் உரசல் சூடு வரும். ஆனால் உள்ளே கிடக்கிற செல் (எறிகணை) துண்டு தெரியுமா என்று கேட்காதீர்கள். இது எக்ஸ்ரே இல்லை, தோலின் மேற்பரப்பு மட்டும்தான்.

குளிர்ந்து இருப்பதும் நல்லதென்று எடுக்கக்கூடாது. இரத்தம் ஒழுங்காகப் போகாத கால் குளிராக இருக்கும், அதில் கிருமித் தொற்று இருந்தாலும் சூடு மேலே வராமல் போகலாம். இரண்டு காலிலும் ஒரே இடத்தில் அழற்சி இருந்தால் வித்தியாசம் பூச்சியம். முழுப் பாதமும் திடீரென்று வீங்கிச் சுட்டால், நோவில்லாவிட்டாலும், உள்ளே எலும்பு நொருங்கத் தொடங்கியிருக்கலாம், சார்க்கோ பாதம் என்று சொல்வார்கள். அதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி நடக்கவிடுவது ஆகப் பெரிய பிழை. அதே மாதிரித்தான் ஒத்தடமும். கால் விறைக்குது என்று சுடுதண்ணீரில் காலை வைக்கச் சொல்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தண்ணீர் சுடுகிறதா என்று அந்தக் கால் சொல்லாது.

மூன்றாவது பிரச்சினைதான் ஒல்லாந்து ஆய்வு காட்டியது, அதுதான் பெரிசு. சூடு கண்டாயிற்று, இனி காலை ஆறவிடு. எப்படி? நாட்கூலிக்குப் போகிறவர் ஒரு கிழமை இருந்தால் அந்தக் கிழமை அடுப்பு எப்படி எரியும்? காலபோக விதைப்பு நேரம் சேற்றுக்குள் செருப்போடு இறங்க ஏலாது. சிறுபோகத்துக்கு இரணைமடுவில் தண்ணீர் திறந்தால் முறைக்கு முறை வாய்க்காலைப் பார்க்க ஆள் போக வேண்டும், தண்ணீர் யாருடைய காலுக்காகவும் நிற்காது. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர் நேர்த்தியை இடையில் விடுவாரா? வற்றாப்பளையில் சுடுமணலில் காவடியோடு நிற்கிற மனிசிக்குக் கால் விறைத்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ‘நடையைக் குறைக்கவும்’ என்று வழிகாட்டலில் எழுத ஒரு வரி போதும்.

பாதி வழியாவது இருக்கிறது. நடையை நிறுத்துவது என்பது கட்டிலில் கிடப்பது இல்லை. சூடான அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்தால் போதும், அதற்குச் சிலவேளை செருப்பை மாற்றினாலே காணும். விரலிடுக்கில் பூட்டுகிற பாட்டாச் செருப்பை விறைத்த கால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கும், அந்த அழுத்தம் முழுக்க விரலடியில். பின்னால் வார் உள்ள, அடி மெத்தையான செருப்பு வேறு கதை. சைக்கிளில் போகக்கூடிய தூரத்தை நடக்கத் தேவையில்லை. காய்ப்பை பிளேட்டால் சீவக்கூடாது, கிளினிக்கில் எடுப்பார்கள். இரண்டு நாள் தொடர்ந்து சூடு இருந்தால் கிளினிக் திகதி வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, அடுத்த நாளே ஓபிடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்ட வேண்டும், ‘சீனி கூடிப்போச்சு’ என்று மட்டும் சொன்னால் மருந்துச் சிட்டைதான் வரும். கொப்புளம், ஊன நீர் வடிதல், கறுத்த விரல், காய்ச்சல் என்றால் ஒரு நாளும் பிந்தக்கூடாது.

கமராவே இல்லாதவர்களுக்கு இரண்டு விஷயம். யாருக்குக் கால் விறைத்திருக்கிறது என்று அறிய ஒரு சதமும் தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லி, உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை இரண்டு காலிலும் ஒன்றிரண்டு செக்கன் மெல்லத் தொடுங்கள், அமத்த வேண்டாம், தட்ட வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் பெயரில் இந்தச் சோதனை இருக்கிறது.

மற்றது, கொரோனாக் காலத்தில் காய்ச்சல் பார்க்க நெற்றியில் பிடித்த வெப்பமானித் ‘துவக்கு’. பள்ளிக்கூடம், சங்கக் கடை, கோயில் என்று எல்லா இடத்திலும் வாங்கி, இப்போது லாச்சிக்குள் பற்றறி கசிந்து கிடக்கிறது. ஆம்ஸ்ட்ரோங்கும் லேவரியும் பாவித்ததன் தூரத்துச் சொந்தம்தான் அது. ஒரே ஒரு நுட்பம்: பலவற்றில் உடம்பு, மேற்பரப்பு என்று இரண்டு நிலை இருக்கும். உடம்பு நிலையில் அது நெற்றிச் சூட்டை உள்சூடாகக் கூட்டிக் காட்டும், 32க்குக் கீழே போனால் ‘லோ’ என்று மட்டும் சொல்லும். மேற்பரப்பு நிலைக்கு மாற்றிவிட்டு, தோலில் இருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே தூரத்தில் பிடித்துப் பாருங்கள். கமரா மாதிரி முழுப் பாதத்தையும் காட்டாது, நீங்கள் பிடிக்காத இடத்தில் வருகிற சூட்டைத் தவறவிடும். ஆனாலும் கமராவை வாங்கும்வரை சும்மா இருப்பதை விட இது எவ்வளவோ மேல். ஒரு தடவை புண் வந்து மாறியவர்களுக்குத்தான் நான் முதலில் இதைச் சொல்வேன், அவர்களில் ஏறத்தாழ 40 வீதத்தினருக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வருகிறது.

மாமாவின் கதையை இடையில் விட்டுவிட்டேன். அடுத்த நாள் விடியவும் எடுத்தோம், 2.6 வித்தியாசம். அப்போதும் அவர் நம்பவில்லை. மாமிதான் செருப்பை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தா. அடியில் குத்திய ஒரு சின்ன ஆணியின் தலை தேய்ந்து பளபளத்தது, மேற்பக்கம் விரலால் தடவினால் நுனி முட்டுகிறது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ தெரியாது. செருப்பை மாமி அடுப்புக்குள் போட்டா, மாமா இரண்டு கிழமை வாய்க்காலுக்குப் போகாமல் மருமகனை அனுப்பினார், அதுவும் சண்டை பிடித்துத்தான். மச்சான் கமராவோடு ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்டார். இப்போது வீட்டில் பாவிப்பது துவக்குத்தான், புதுப் பற்றறி போட்டது. கடைக் கலண்டரில் ஒவ்வொரு திகதிக்குப் பக்கத்திலும் மாமி பென்சிலால் இரண்டு எண் எழுதுகிறா, இடது, வலது. பால் கணக்கும் அதே கட்டத்துக்குள் இருப்பதால் எது எது என்று சிலவேளை அவவுக்கே குழம்பும்.